மின்னூற் கருவியும் சைவநூற் பாடமும்

தில்லையில் அடைபட்டுக் கிடந்த தேவார ஏடுகளுட் பெரும்பகுதி செல்லால் அரிக்கப்பட்டொழிய, எஞ்சியவையே நம்பியாண்டார் நம்பியாற் கண்டெடுக்கப்பெற்றன என்று திருமுறைகண்ட புராணம் கூறும். நூல் அழியாமற் காக்கும் வழி யாது, காத்த நூல் கற்பார் கைக்கு எட்டும் வழி யாது என்னும் வினாக்கள் சைவவுலகிற்குப் புதியனவல்ல. ஓலையினின்று தாளுக்கும், தாளினின்று இப்பொழுது மின்னேட்டிற்கும் நூல்கள் பெயர்ந்து வருகின்றன. பெயருந்தோறும் ஒன்று கிடைக்கின்றது; ஒன்று நழுவுகின்றது. மின்னூற் கருவியை முதன்முறை கைக்கொள்ளும் அன்பர் அதனாற் பெறுவது யாது, நழுவவிடாமற் போற்றவேண்டுவது யாது என்பது ஈண்டு ஆராயப்படும்.

மின்னூற் கருவியாவது, நூல்களைத் தன்னுள் அடக்கிப் படித்தற்கென்றே அமைந்த ஒரு கைப்பலகை. அது கைப்பேசியின் வேறாயது. கைப்பேசியின் திரை தானே ஒளியை உமிழ்வது. இதன் திரையோ மின்மையாலாயது. அத்திரையில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய சிமிழ்கள் நிறைந்துள்ளன. ஒவ்வொரு சிமிழினும் கரிய துகளும் வெண்மையான துகளும் ஒரு நீர்மத்தில் மிதக்கின்றன. மின்விசையின் வேறுபாட்டால் ஒருகாற் கரியனவும் ஒருகால் வெள்ளியனவும் மேலெழுந்து எழுத்துருவைக் காட்டும். எழுந்தவை அவ்வண்ணமே நிற்குமாதலின், பக்கம் பெயருங்காலன்றி எழுத்தை நிறுத்தற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. தாளைப் போலவே இதுவும் வெளியொளியாற் படிக்கப்படும். இருளிற் படித்தற்குத் திரையின்மீது ஒளி பரப்பும் சிறு விளக்குகளும் பல கருவிகளில் உள. எழுத்தை வேண்டுமளவு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்னும் இவ்வொன்றே முதுமையினாற் பார்வை குறைந்த அன்பர்க்குக் கருவியின் விலையை ஈடுசெய்யும்.

கிண்டில், கோபோ, பூக்ஸ் முதலிய பெயர்களால் இக்கருவிகள் விற்கப்படுகின்றன. கிண்டில் 2007-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. தமிழ் மின்னூல்கள் 2016-ஆம் ஆண்டின் இறுதியில் அதில் இடம்பெற்றன. வாங்குமுன் நோக்கவேண்டுவன இரண்டே. ஒன்று, தமிழெழுத்துச் சிதையாமற் றோன்றுகின்றதா என்பது. கொம்பும் காலும் சேர்ந்துவரும் கொ, யோ முதலிய எழுத்துக்களைத் திரையிற் கண்டால் இது விளங்கும். தமிழை முறையாக அமைக்கவறியாத கருவியிற் கொம்பு எழுத்தின் பின்னே சென்று நிற்கும். மற்றொன்று, திரையின் அளவு. ஆறு அங்குலத் திரை கைக்கடக்கமானது, ஓதுதற்குப் போதும். பழைய அச்சுநூலின் பக்கங்களை முழுப்படமாகக் காண விழைவார்க்குப் பத்தங்குலமளவேனும் வேண்டும். இவ்வேறுபாடு எதனாலாயிற்று என்பது மின்னூலின் இருவகையை உணர்ந்தார்க்கே புலனாம்.

மின்னூல் எழுத்துநூல், படநூல் என இருவகைப்படும். எழுத்துநூலாவது, ஒவ்வோரெழுத்தும் தட்டச்சிடப்பெற்று ஒருங்குறி முறையில் அமைந்தது. ஈபப் என்னும் கோப்புவகை இதற்குரியது. எழுத்துப் பெருகினால் வரி தானே மடங்கி ஒழுங்குபடும், சொல்லைத் தேடலாம். படநூலாவது, அச்சுநூலின் பக்கங்களை ஒளிப்படமாக்கித் தொகுத்தது, பெரும்பாலும் பி.டி.எப். கோப்பாகக் கிடைக்கும். அதில் எழுத்தைத் தனியே பெரிதாக்கல் இயலாது. சிறுதிரையிற் பக்கம் முழுதும் சுருங்கி அடிக்குறிப்புக்கள் மங்கும். ஆயினும், பதிப்பாசிரியர் அச்சிட்டது யாதோ அதனையே அது காட்டும். எழுத்துநூல் வசதியுடையது; படநூல் சான்றுடையது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றன் பயனையும் எதிர்பார்த்து ஏமாறுவார் பலர்.

இனி, நூல்கள் கிடைக்குமிடம் கூறுவாம். எழுத்துநூல்களுக்கு முதற்கட் கூறத்தக்கது மதுரைத் திட்டம். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்று, பல நாடுகளிலுள்ள தமிழன்பர்கள் ஊதியங் கருதாது தட்டச்சிட்டும் பிழைநோக்கியும் வளர்த்துவரும் தொகுதி அது. திருமுறைகளும் மெய்கண்ட சாத்திரங்களும் தலபுராணங்கள் பலவும் அதில் விலையின்றிக் கிடைக்கும். அங்குள்ள பழைய கோப்புக்களுட் சில திஸ்கி என்னும் முந்தைய குறிமுறையில் அமைந்தன. அவற்றைக் கருவியிலிட்டாற் பொருளற்ற குறிகளே தோன்றுமாதலின், ஒருங்குறிக் கோப்பையே தெரிந்தெடுக்க. தருமபுர ஆதீனத்தின் சார்பிலமைந்த தேவாரம் என்னும் இணையத்தளத்திற் பன்னிரு திருமுறைகளும் உரையோடு காணப்படும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட மின்தேவாரம் பாடத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் தலங்களின் நிலப்படமும் உடையது. ஆராய்ச்சியாளர்க்குப் பெரிதும் உதவும்.

படநூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களைத் தொகுக்கும் நூலகம் என்னும் தளமும், இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் உலகப் பொதுத்தொகுதியும் உள. யாழ்ப்பாணத்துச் சைவப்பெரியார் நூல்களை நாடுவார் நூலகத்தை முதலிற் காண்க. ஆகமம் பயில்வார்க்குப் புதுச்சேரிச் சுவடிகள் பெருநிதியம். ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளடங்கிய அத்தொகுதி 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றது. அவற்றைச் சார்ந்த பெயர்த்தெழுதிய படிகள் பல முத்தபோத மின்னூலகத்திற் படிக்கக் கிடைக்கும்.

அற்றேல், நூல் கிடைத்தபின் படிப்பதொன்றே எஞ்சியதெனின், அன்று. எந்தப் பதிப்பின் பாடம் இது என்னும் வினா அதன்பின்னரே எழும். மின்னூல்கள் பலவற்றில் மூலப்பதிப்பின் பெயரும் ஆண்டும் குறிக்கப்பெறுவதில்லை. மதுரைத் திட்டத்தார் பல நூல்களின் முகப்பில் இக்குறிப்பை அளித்திருப்பது பாராட்டற்குரியது. அங்கிருந்து எடுத்துப் பிறவிடங்களில் இடுவோர் முதலில் நீக்குவது அக்குறிப்பையே! குறிப்பில்லாத கோப்பின் வரலாற்றை ஓரளவு உய்த்துணர வழியுண்டு. சம்பந்தர் தேவாரமாயின், பின்னாளிற் கல்வெட்டினின்று கிடைத்த திருவிடைவாய்ப் பதிகம் மூன்றாந் திருமுறையில் உளதா என நோக்குக. இலதேல், அது பழைய பதிப்பொன்றன் வழியது என்று கருத இடனுண்டு. திருமந்திரமாயின், பாட்டுத்தொகை எத்துணையென நோக்குக. மூவாயிரம் என்பது வழங்கும் தொகையாயினும் அச்சுப்பதிப்புக்களில் அதனின் மிக்க பாட்டுக்கள் காணப்படுகின்றன. எண்ணும் வரிசையும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும்.

இவ்வேறுபாட்டினால் மேற்கோள் காட்டுவார்க்கு ஓர் இடர் உண்டு. எழுத்துநூலிற் பக்க எண் நிலையில்லை. எழுத்தைப் பெரிதாக்கினாற் பக்கங்கள் மிகும். ஆதலிற் பாட்டெண்ணாலேயே இடஞ்சுட்டல் வேண்டும். தேவாரத்திற்குத் திருமுறையெண், பதிகவெண், பாட்டெண் என்னும் மூன்றும் போதும். திருமந்திரத்திற்கோ பதிப்பின் பெயரையும் உடன்கூறாதொழியின் படிப்பவர் வேறொரு பாட்டிற் சென்று முட்டுவர்.

பதிப்பு நல்லதாயினும் பெயர்த்தெழுதுங்காற் புகும் பிழை வேறு. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். இம்மயக்கங்களை எல்லாம் தெளிவித்து அச்சேற்றிய பெருமை ஆறுமுக நாவலர், தாமோதரம் பிள்ளை, சாமிநாதையர் முதலியோர்க்குரியது. படத்திலுள்ள எழுத்தை இயந்திரமே கண்டு தட்டச்செழுத்தாக மாற்றும் எழுத்துணரி இப்பொழுது பரவிவருகின்றது. மங்கிய பழைய அச்சைப் படிக்கும்பொழுது அதுவும் காலை ரகரமாகவும் ரகரத்தைக் காலாகவும் கொள்கின்றது. கரணம் காணமாகும், ஞானம் ஞரனமாகும். சுவடிக்கால மயக்கம் இயந்திரத்தின் வாயிலாக மீண்டும் வந்து நிற்பது வியப்பே. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய அச்சுநூல்களில் ணா, றா, னா, லை, னை முதலிய 13 எழுத்துக்கள் பழைய வடிவில் உள. அவ்விடங்களிலும் எழுத்துணரி தடுமாறும்.

ஞரனம் என்றாற் பிழையென்பது கண்டவுடன் விளங்கும், அதனாற் கேடில்லை. அஞ்சத்தக்கவை, பிழைபட்ட பின்னும் பொருளுடைய சொல்லாய் நிற்பனவே. அளித்தல் அழித்தலாயினும், ஒளி ஒலியாயினும், அரன் அறனாயினும் வாக்கியம் ஓடும், பொருள் மாறும். ஐந்தொழில் கூறுமிடத்துக் காத்தலைக் குறித்த சொல் ஒடுக்கலைக் குறிப்பதாய்த் திரியின், அதன்மேற் கட்டப்படும் விளக்கம் யாதாகும்? பன்னிரண்டு சூத்திரத்து நாற்பதடியில் முப்பொருளையும் அடக்கிய சிவஞானபோதத்திற் போக்குவதற்கு ஓரெழுத்துமில்லை. ஆதலின், ஓதுதற்கும் நினைவுகூர்தற்கும் எழுத்துநூலைக் கொள்க. ஒரு பாட்டைக்கொண்டு பொருள் நிறுவப் புகுமுன் அப்பாட்டைப் படநூலிற் சென்று ஒப்புநோக்குக. இரண்டனையும் ஒரே கருவியில் வைத்துக்கொள்ளத் தடையில்லை.

சொற்றேடும் வசதி மின்னூலின் தலையாய பயனென்பர். உண்மையே, ஆயினும் அது தமிழ்ப்புணர்ச்சியை அறியாது. அருள் என்று தேடுவார்க்கு உடம்படுமெய் பெற்று யருள், வருள் என நின்றவை அகப்படா. மலம் என்று தேடினால் மலமும், மலத்தை என்பன ஒழியும். மல என்று மட்டும் தேடின் மலரும் மலையும் வந்து குவியும். சீர் பிரித்து அச்சிட்ட பாடத்திற் சொல்லே இரண்டாக உடைந்து கிடத்தலும் உண்டு. ஆதலின், ஒரு சொல் இந்நூலில் இல்லையெனக் கருவி கூறுவதை முடிபாகக் கொள்ளலாகாது. புணர்ச்சியால் எய்தும் வடிவங்கள் அனைத்தையும் தனித்தனியே தேடியும், பதம் பிரித்த பாடம் உளதாயின் அதனையும் நோக்கியும் பின்னரே துணிதல் வேண்டும்.

உரை வகையிற் குறை பெரிது. விலையின்றிக் கிடைக்கும் சாத்திர எழுத்துநூல்களுட் பெரும்பாலன மூலமாத்திரையே. சித்தியார் சுபக்கத்தை அறுவருரையோடும், போதத்தை மாபாடியத்தோடும் பயில்வார்க்குப் படநூலே இன்றும் துணை. பாட்டினின்று உரைக்கும் உரையினின்று பாட்டிற்கும் ஒரு தொடுகையிற் செல்லும் இணைப்பை அமைத்தற்கு ஈபப் முறை இடந்தருகின்றது. ஆதீனங்களும் சபைகளும் இப்பணியை மேற்கொண்டால் மாணவர்க்கு எத்துணையோ நன்மையுண்டாம். தேவாரத்தைப் பண்முறையாகவும் தலமுறையாகவும் ஒரே நூலுள் அடைவுபடுத்தலும் இதனால் எளிது. அச்சில் இரு நூலாக வேண்டியது இங்கே இரண்டு பொருளடக்கமாக முடியும்.

உரிமை பற்றியும் சிறிது அறிதல் வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டின்பின் 60 ஆண்டு கழியும்வரை நூலுரிமை நிற்கும். 1950-இல் மறைந்த மறைமலையடிகளின் நூல்களுக்கு இச்சட்டவழி உரிமைத்தடை 2011 முதல் இல்லை. திருமுறை மூலம் பொதுவேயெனினும், அண்மைக்காலத்தார் எழுதிய உரைக்கு உரிமை தனியே உண்டு. அதனை விலைகொடுத்துப் பெறுதலே முறை.

விலைகொடுத்துப் பெற்ற மின்னூலும் முற்றும் வாங்கியவர் உடைமையாகாது. 2009-ஆம் ஆண்டில், விற்றவர்க்கு உரிமையில்லையென்பது தெரிந்தவுடன், ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்கள் இரண்டை அமேசான் நிறுவனத்தார் வாங்கினோருடைய கிண்டில் கருவிகளினின்றும் தாமே நீக்கிவிட்டனர். பணம் மீளக் கொடுக்கப்பட்டது, நூல் போயிற்று. பொதுத்தொகுதிகளினின்று இறக்கிய கோப்புக்கு இவ்வச்சமில்லையாயினும், கருவி பழுதுற்றால் உள்ளிருப்பதும் உடன் ஒழியும். ஆதலின் ஒவ்வொரு கோப்பையும் கணினியிலும் வேறொரு சேமிப்பிலும் படியெடுத்து வைத்துக்கொள்க.

கோப்பைக் கருவியிற் சேர்த்தற்குக் கணினியோடு கம்பியால் இணைத்தல் ஒருவழி. மின்னஞ்சல் வாயிலாக அனுப்புதல் மற்றொருவழி. கிண்டிலில் ஈபப் கோப்பைக் கம்பிவழி நேரே இட்டால் அது திறவாது. அந்நிறுவனத்தார் அமைத்துள்ள அனுப்புவழியிற் செலுத்தின் தானே உருமாறிச் சேரும். கோப்பு வகைகளை ஒன்றினின்று ஒன்றாக மாற்றவும், நூற்பெயர் ஆசிரியர்பெயர்களைத் திருத்தவும் காலிபர் என்னும் விலையில்லா மென்பொருள் உதவும். அத்திருத்தத்தின்போது நூற்பெயரோடு பதிப்பாசிரியர், பதிப்பித்த கழகம், ஆண்டு, இறக்கிய இடம், நாள் ஆகியவற்றையும் எழுதிச் சேர்த்துவிடுதல் நன்று. இரண்டு திருமந்திரக் கோப்புக்கள் ஒரே கருவியில் இருக்கும்பொழுது எது எதுவென அறிதற்கு வேறு அடையாளம் இராது.