புரதத்தை அழித்தால் விழிக்கும் வைரஸ்

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது அது தெரிய வந்தது. இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் அந்த வைரஸின் 'சி' வகை. அது நம் செல்லிலுள்ள ஓர் அழிப்பு எந்திரத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிற விதம் வியப்பானது.

அந்த எந்திரத்தின் பெயர் புரோட்டியசோம். வளையத்துக்கு ஏழு புரதங்களாக நான்கு வளையங்கள் அடுக்கிய பீப்பாய் அது. 76 அமினோ அமிலங்களே கொண்ட யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் எதன்மேல் சங்கிலியாக ஒட்டப்படுகிறதோ, அந்தப் புரதம் பீப்பாய்க்குள் இழுக்கப்பட்டுத் துண்டுதுண்டாகிவிடும். இந்த யுபிக்விட்டின் வழியைக் கண்டறிந்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

பழுதான புரதங்களை ஒழிப்பதோடு புரோட்டியசோமின் வேலை முடிவதில்லை. எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்குண்டு. நெய்வேலிக்கு அருகிலுள்ள குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். நெய்வேலிச் சுரங்கத்தில் ராட்சத எந்திரங்கள் மேல்மண்ணை வெட்டி அகற்றிய பிறகுதான் பழுப்பு நிலக்கரி கண்ணில் படும். செல்லிலும் அப்படித்தான். என்.எஃப்.கப்பா பி என்ற புரதம் மரபணுக்களை முடுக்கிவிடும் ஆற்றல் கொண்டது. ஆனால் ஐ.கப்பா பி என்ற இன்னொரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு உட்கருவுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. நோய்த்தொற்று போன்ற அபாயச் செய்தி வந்ததும் ஐ.கப்பா பி மீது யுபிக்விட்டின் ஒட்டப்படும். புரோட்டியசோம் அதை அழித்துவிடும். விடுபட்ட என்.எஃப்.கப்பா பி உட்கருவுக்குள் விரையும்.

நம்மைக் காக்க ஏற்பட்ட இந்த ஏற்பாட்டில்தான் எச்.ஐ.வி. புகுந்துகொள்கிறது. நம் டி.என்.ஏ.வுக்குள் நுழைந்துவிட்ட அதன் மரபணுத் தொகுப்பு, ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட நம் செல்லின் எந்திரங்களையே நம்பியிருக்கிறது. தொகுப்பின் முனையில் என்.எஃப்.கப்பா பி வந்து அமர்வதற்கென்றே இடங்கள் உண்டு என்பதை நேபல், பால்டிமோர் என்ற ஆய்வாளர்கள் 1987-ல் காட்டினார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிய 'பி' வகையில் அப்படிப்பட்ட இடங்கள் பொதுவாக இரண்டு. 'சி' வகையில் மூன்று. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு, நான்கு இடங்கள் கொண்ட வைரஸ்கள் இந்தியாவில் தலைதூக்குவதையும், அவற்றில் படியெடுப்பு வேகமாக நடப்பதையும் 2012-ல் வெளியிட்டது. இந்தத் துறையில் நம் நாட்டிலிருந்து வந்த முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

அப்படியானால் புரோட்டியசோமையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் போர்டிசோமிப் அதைத்தான் செய்கிறது. ஆனால் ஆய்வகச் சோதனைகளில் இத்தகைய மருந்துகள் வைரஸ் பெருகுவதைக் குறைத்தாலும், உறங்கிக்கிடந்த வைரஸை எழுப்பியும் விட்டிருக்கின்றன. ஒரே எந்திரம் செல்லில் பல வேலைகளைப் பார்க்கும்போது அதை முடக்கினால் பலனும் பலவாறு இருக்கும்.

ஓய்வு நிலையிலுள்ள வெள்ளணுக்களில் வைரஸ் ஆண்டுக்கணக்கில் உறங்கும். இப்போதைய கூட்டு மருந்துகள் அதை அங்கிருந்து துடைத்தெறிவதில்லை, பெருகவிடாமல் தடுக்கின்றன. மருந்தை நிறுத்தினால் உறங்குவது மீண்டும் விழிக்கும். இந்த மருந்துகளைத் தரும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004 முதல் அவை இலவசம்; அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் இலவசம். சந்தேகம் இருந்தால் தயங்காமல் போய்ப் பாருங்கள். மருந்து எடுப்பவர்கள் ஒரு நாளும் விடாதீர்கள்.