அடுப்பில் உலை வைக்கும் முன் அட்டையைப் பாருங்கள்

மசினகுடியில் ரிசார்ட் வேலைக்கும் ஜீப் ஓட்டவும் நூறு நாள் வேலைக்கும் போய்வரும் வீடுகளில் இரவுச் சாப்பாட்டுச் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் ரேஷன் கடைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கு 150 கிராம் துவரம்பருப்பு. கிலோ 30 ரூபாய் ரேஷன் விலையில் அது நாலரை ரூபாய். தாளிக்க 30 மில்லி பாமாயில். லிட்டர் 25 ரூபாய் என்பதால் முக்கால் ரூபாய். அரிசி இலவசம். மழைக்குப் பின் வீட்டைச் சுற்றி முளைக்கும் கீரைக்கும் காசில்லை. வெங்காயம், மிளகாய், புளி எல்லாம் சேர்த்தாலும் சோறும் கீரைக் கடையலும் இருபது ரூபாய்க்குள் அடங்கும். அதே பருப்பை மளிகைக் கடையில் வாங்கினால் அதற்குப் பல மடங்கு விலை.

அதனால்தான் "பருப்பு ஸ்டாக் இல்லை, அடுத்த மாசம் வாங்க" என்ற பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்பி வரக் கூடாது. 2024 மே மாதத்தில் பருப்புக்கும் பாமாயிலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, அந்த மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது. விடுபட்ட பங்கைப் பிறகு தர வழியுண்டு என்பதற்கு அதுவே சாட்சி. பொருள் கைக்கு வராமலே வாங்கியதாக பில் போடுவது வேறு விஷயம், அது முறைகேடு. அட்டையோடு இணைத்த போனுக்கு வரும் குறுஞ்செய்தியில் என்னென்ன பொருள், எவ்வளவு என்று இருக்கும். வீட்டில் யாராவது அதைப் படித்துப் பார்த்த பிறகே அழியுங்கள். பழைய நம்பர் மாறிப்போயிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

நீலகிரிக்கென்று இன்னொரு வசதி உண்டு. 2023இல் தருமபுரியோடு சேர்த்து இந்த மாவட்டத்தில், இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. மழை குறைந்த சீகூர்ப் பகுதியில் ராகியும் சாமையும் விளைந்த நிலத்து மக்களுக்கு இது புதுச் சாப்பாடே இல்லை. அரைக் கிலோ மாவில் நான்கு பேருக்குக் களி கிண்டலாம். ஒரு பிடிச் சோற்றை உப்போடு கொதிக்கும் நீரில் குழைய விட்டு, மாவைக் கொட்டி, மூடி வேகவிட்டு, களிக்கட்டையால் கட்டியில்லாமல் கிண்டினால் போதும். தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் குழம்பு. கொள்ளை முந்தின இரவே ஊறப்போட்டால் விறகு மிச்சம். யானை நடமாடும் காட்டோரத்தில் விறகு மிச்சமானால் ஆபத்தும் குறைகிறது.

இப்போது அட்டையை எடுங்கள். அதில் என்ன குறியீடு அச்சாகியிருக்கிறது? 'பிஎச்எச் – ஏஏஒய்' என்றால் அந்தியோதயா, மாதம் 35 கிலோ அரிசி. வெறும் 'பிஎச்எச்' என்றால் முன்னுரிமைக் குடும்பம். 2003 மே 2ஆம் தேதி, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில், தொல்பழங்குடிக் குடும்பங்கள் அனைத்துக்கும் அந்தியோதயா அட்டை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இருளரும் குறும்பரும் தொல்பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். பொக்காபுரத்திலோ ஆனைகட்டியிலோ அப்படியொரு குடும்பம் வேறு குறியீட்டு அட்டையோடு இருந்தால், வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றக் கேட்கலாம். என் பார்வையில் இந்த ஊரில் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான். வீட்டில் மாதம் எத்தனை நாள் உலை ஏறும் என்பதே இதில் இருக்கிறது.

ரேஷன் அரிசியில் மிதக்கும் மணிகளை 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறவர்கள் உண்டு. எறிய வேண்டாம். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவில் செய்த செறிவூட்டிய மணிகள் அவை. நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கப்படுகின்றன. நீலகிரிப் பழங்குடிகளிடையே அரிவாள் செல் ரத்தசோகை இருப்பதால் ஒரு கேள்வி நியாயமாகவே எழும். அந்த நோயுள்ளோர் இரும்பு செறிவூட்டிய உணவைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை முன்பு விதியிலேயே இருந்தது. அவர்களுக்கும் அது பாதுகாப்பானதே என்று 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு சொன்னது. வீட்டில் அந்த நோயோ தலசீமியாவோ உள்ளவர் இருந்தால், சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அரிசி மூட்டையைத் தூங்கும் அறையில் வைக்காதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் அரிசிக்காகவே வீடுகளை இடித்த பிஎம்2 என்ற யானையை 2022 டிசம்பரில் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். வாசனை தேடி வரும் யானைக்குச் சுவர் பெரிய தடையில்லை. இறுக மூடும் டிரம்மில், ஆள் படுக்காத பக்கமாக வையுங்கள்.

காட்டுக் கிழங்கும் தேனும் கூட உணவுதான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வழிவழியாகச் சேகரித்துவந்த சிறு வனப்பொருள்கள் மீது பழங்குடிகளுக்கு உரிமை தருகிறது. காடு புலிகள் காப்பகமாக இருப்பதாலேயே அந்த உரிமை தானாக அழிந்துவிடாது. கிராம சபையில் மனுக் கொடுங்கள். அதன் தீர்மானத்தில் குறையிருந்தால் கோட்ட அளவிலான குழுவுக்கு அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ரேஷன் புகாருக்கு 1967, அல்லது 1800 425 5901. இரண்டுக்கும் கட்டணமில்லை. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பலனில்லை என்றால் திங்கள்கிழமை ஊட்டி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதற்கும் மேலே மாநில உணவு ஆணையம் இருக்கிறது. அந்தியோதயா, முன்னுரிமை அட்டைக்குரிய தானியம் கிடைக்காமல் போனால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி கேட்க 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இடம் தருகிறது. பருப்புக்கும் பாமாயிலுக்கும் அந்தப் பிரிவு பொருந்தாது. அவை மாநில அரசின் திட்டம். கடைக்கு நடக்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் பெயர் பட்டியலில் உள்ளதா என்று அடுத்த முறை கடைக்குப் போகும்போது கேட்டு வாருங்கள்.