சொன்ன இடத்தில் நிற்கும் வால்வு

இராசபாளையம் என்றவுடன் நூற்பாலைகள் நம் நினைவுக்கு வரும். 1936-இல் இராசபாளையம் மில்ஸ் தோன்றியது முதல் அவ்வூர் நூலால் வளர்ந்தது. அருகேயுள்ள எங்கள் தளவாய்புரத்தில் எழுவதோ தறிச் சத்தம். நூலுக்கும் தறிக்கும் இடையே ‘சைசிங்’ என்றொரு கட்டம் உண்டு. பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றி, நீராவியால் சூடேறிய உருளைகளின்மீது ஓட்டி உலர்த்துவார்கள். உலர்வு மிகுந்தால் இழை முறியும். குறைந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். எப்படியாயினும் தறி நிற்கும். நெசவாளியின் கூலியும் குறையும்.

அந்நீராவியை அளவோடு விடுவது ஒரு வால்வு. அதற்குத் துணை நிற்பது ‘பொசிஷனர்’ என்னும் சிறு கருவி. கோடை விடுமுறையில் ஒரு சைசிங் கூடத்தில் உதவியாளனாக இருந்து நான் அறிந்ததை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இயங்கும் விதம்

கட்டுப்பாட்டுக் கருவி, சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 பவுண்டு வரையிலான காற்றழுத்தத்தைக் கட்டளையாக அனுப்புகிறது. 3 என்றால் மூடு. 9 என்றால் பாதி திற. 15 என்றால் முழுதும் திற. தொடக்கம் சுழியாக இல்லாமல் 3 ஆக இருப்பது ஏன்? குழாய் அறுந்தால் அழுத்தம் சுழியாகிவிடும். ‘மூடு’ என்ற கட்டளை வேறு, குழாய் அறுந்த நிலை வேறு என்று அப்போது பிரித்தறியலாம்.

கட்டளை வந்தாலும் தண்டின் உராய்வும் நீராவியின் தள்ளுதலும் வால்வைத் தடுக்கக்கூடும். பொசிஷனர், ஒரு நெம்புகோல் மூலம் தண்டு உண்மையில் நிற்கும் இடத்தை அறிந்து, கட்டளையோடு ஒப்பிட்டு, வேறுபாடு தீரும்வரை காற்றைக் கூட்டும் அல்லது குறைக்கும். நாம் வகுப்பில் படிக்கும் எதிர்ப் பின்னூட்டம் இதுவே.

பொருத்துதலும் அளவு திருத்தலும்

வால்வு பாதி திறந்திருக்கையில் நெம்புகோல் தண்டுக்குச் செங்குத்தாக நிற்குமாறு பொருத்த வேண்டும். வரும் காற்றில் நீரோ எண்ணெயோ கலந்திருக்கக் கூடாது. எனவே வடிகட்டி இன்றியமையாதது.

பிறகு 3 பவுண்டு கொடுத்து, வால்வு மூடும் இடத்தைச் ‘சீரோ’ திருகால் சரிசெய்ய வேண்டும். அடுத்து 15 கொடுத்து, முழுத் திறப்பை ‘ஸ்பான்’ திருகால் சரிசெய்ய வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்றே நகரும்; ஆகவே இரண்டையும் மாறிமாறிப் பார்க்க வேண்டும். இறுதியாக 3, 6, 9, 12, 15 என ஏற்றியும் இறக்கியும் சோதிக்க வேண்டும். ஏறும்போது ஓரிடத்திலும் இறங்கும்போது வேறோரிடத்திலும் நின்றால், குறை பெரும்பாலும் உராய்விலோ தளர்ந்த இணைப்பிலோ இருக்கும்.

நான் செய்த பிழை

ஒருநாள் 3 பவுண்டிலும் வால்வு முழுமையாக மூடவில்லை. நான் அறிவாளியைப்போல் சீரோ திருகைத் திருகினேன், வால்வு மூடிவிட்டது. பெருமிதம் ஒரு பொழுதுகூட நிலைக்கவில்லை. வால்வு தயங்கி நிற்பதும் திடீரெனத் தாவுவதுமாக இருந்தது. பாவில் ஒரு பகுதி மொறுமொறுப்பாகவும் மறுபகுதி ஈரமாகவும் வந்தது. அந்தப் பாவு தறிக்குப் போனபோது இழைகள் அறுந்துகொண்டே இருந்தன. அறுந்ததை முடிந்து முடிந்தே நெசவாளியின் நாள் கழிந்தது.

மூத்த பிட்டர் ஒருவர் வந்து, தண்டைச் சுற்றியிருந்த கிளாண்டைத் தொட்டுப் பார்த்தார். “தம்பி, தண்டு இறுகிக் கெடக்கு. நீங்க திருகை அதட்டிக்கிட்டு இருக்கீங்க” என்றார். நீராவியை நிறுத்திக் குழாய் ஆறியபின், இறுகிப்போன பேக்கிங்கை மாற்றினார். நான் கலைத்த சீரோவை மீண்டும் அமைத்தார். வால்வு கட்டளைக்குப் பணிந்தது.

கோளாறு காணும் ஒழுங்கு

அவர் கற்பித்த வரிசை இது: முதலில் காற்று வருகிறதா என்று அளவுமானியில் பார், இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடு, நெம்புகோலின் ஊசி தளர்ந்துள்ளதா என்று அசைத்துப் பார், தண்டு தடையின்றி நகர்கிறதா என்று பார். கட்டளை இருந்தும் காற்று வெளிவராவிட்டால், உள்ளே காற்று நுழையும் நுண்துளையில் அடைப்பு இருக்கலாம். இவையெல்லாம் சரியென்று கண்ட பின்னரே திருகைத் தொடு.

இன்று நுண்செயலி கொண்ட பொசிஷனர்கள் தாமே அளவைத் திருத்திக்கொள்கின்றன. ஆயினும் இறுகிய பேக்கிங்கை அவை தளர்த்தா. அளவைத் திருத்துவதற்குமுன் குறையைக் காண வேண்டும். அதை மறந்தால் அதன் விலையை எங்கோ ஒரு தறியடியில் இருப்பவர் கொடுக்கிறார்.