மின்விசிறித் தூசியும் ஒரு பேராசிரியரும்

சென்ற மாதம் ஈஜிபுராவில் எங்கள் வீட்டு மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பேத்தி, "தாத்தா, இவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதே, இறக்கையில் தூசி எப்படி ஒட்டுகிறது? பறந்து போகாதா?" என்று கேட்டாள். அதற்கு விடை சொல்லப் போனால், நம் பெங்களூரில் வாழ்ந்த ஒரு பேராசிரியரிடம் போய்ச் சேருவோம்.

எந்தப் பரப்பின் மீது காற்று ஓடினாலும், பரப்பைத் தொடும் காற்று அதோடு ஒட்டியே நிற்கும். சற்று விலகி மெதுவாகவும், இன்னும் விலகி முழு வேகத்திலும் ஓடும். இந்த மெல்லிய அடுக்குக்கு எல்லைப் படலம் என்று பெயர். 1904-இல் ஜெர்மானிய அறிஞர் பிராண்டல் இதை விளக்கினார். தூசி இதற்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. இங்கே உண்டாகும் உராய்வு விமானத்தையும் பின்னுக்கு இழுக்கிறது. நான் பணிபுரிந்த ரயிலையும் இழுக்கிறது.

இந்த இழுவையை நேரடியாக அளந்த முன்னோடிகளில் ஒருவர் பேராசிரியர் சதீஷ் தவான். 1920-இல் ஸ்ரீநகரில் பிறந்தவர். லாகூரில் கணிதம், இயற்பியல், ஆங்கில இலக்கியம், இயந்திரப் பொறியியல் அனைத்தும் படித்தார். அமெரிக்காவில் கால்டெக்கில் பேராசிரியர் லீப்மனிடம் ஆய்வு செய்து 1951-இல் முனைவர் பட்டம் பெற்றார். தட்டையான பலகையில் ஒரு சிறு துண்டை மட்டும், சுற்றிலும் மெல்லிய இடைவெளி விட்டு, அசையும்படி பொருத்தினார். காற்று இழுக்கும்போது அத்துண்டு நகரும் மிகச் சிறு தூரத்தை அளந்து, உராய்வு விசையைக் கண்டார். ஒலியை மிஞ்சிய வேகத்திலும் இவ்வாறு அளந்தார்.

அவ்வாண்டே, நம்மவர்கள் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். நாட்டின் முதல் மீஒலிவேகக் காற்றுச் சுரங்கத்தை அங்கு அமைத்தார். 1955-இல் துறைத் தலைவரானார்.

ஊதுபத்திப் புகையைக் கவனியுங்கள். முதலில் நேராக எழும்; பிறகு சுருண்டு கலையும். எல்லைப் படலத்திலும் இதுபோன்ற மாற்றம் உண்டு. அந்த மாற்றம் ஒரே கோட்டில் சட்டென்று நிகழ்வதில்லை. இடையே ஒரு பகுதியில் கலக்கம் விட்டுவிட்டு வரும். அதை அளந்து தவானும் அவர் மாணவர் ரோத்தம் நரசிம்மாவும் 1958-இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது.

தவான் 1962 முதல் 1981 வரை கழகத்தின் இயக்குநராகவும், 1972 முதல் 1984 வரை இஸ்ரோ தலைவராகவும் இருந்தார். 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்கள் முன் தாமே பொறுப்பேற்றார். 1980 ஜூலையில் வெற்றி கிட்டியபோது, திட்ட இயக்குநரான நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாமைப் பேசச் சொன்னார். சோதனைக்கூடத்தில் வளர்ந்தவருக்கு, தவறிப்போன சோதனையும் ஒரு பாடம்தானே!

டிப்ளமோ படித்த எனக்கு அவரது கணிதம் முழுவதும் புரியாது. ஆனால் "அளந்து பார்த்தபின் பேசு" என்பது பணிமனையில் எனக்கும் கற்பித்த பாடம்.

இன்று நம் வீடுகளில் கணினி ஒன்றே படிப்பு என்றாகிவிட்டது. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் கையால் செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளையிடம், "இதெல்லாம் மார்க்குக்கு வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். கழகம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நாளில் ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். என் பேத்தியை நான் அழைத்துச் செல்லப் போகிறேன்.