மின்கலத்தின் மென்தகடு

கைப்பேசியிலும் மின்வாகனத்திலும் பயன்படும் லித்தியம் அயனி மின்கலத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் லித்தியம், கோபால்ட், நிக்கல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அவ்வேதிப்பொருள்களைத் தாங்கி நின்று மின்னோட்டத்தைத் திரட்டித் தரும் உலோக மென்தகடுகளை, அவை தாமாக ஆற்றல் எதையும் சேமிப்பதில்லை என்பதாலோ என்னவோ, யாரும் பொருட்படுத்துவதில்லை. நேர்முனைக்கு அலுமினியம், எதிர்முனைக்குச் செம்பு என்பது வழக்கம். இடம் மாறினால், எதிர்முனையின் தாழ்ந்த மின்னழுத்தத்தில் லித்தியம் அலுமினியத்தோடு கலந்து அதைச் சிதைக்கும். நேர்முனையின் உயர்ந்த மின்னழுத்தத்தில் செம்பு கரைந்துபோகும்.

அலுமினியத் தகட்டின் தடிமன் பொதுவாக 10 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். காற்றுப் பட்டதும் அதன்மேல் சில நானோமீட்டர், அதாவது மைக்ரானின் ஆயிரத்தில் சில பங்கு, தடிமனுள்ள ஆக்சைடு படலம் உருவாகிறது. இப்படலம் மின்கலத்துக்குள் இருக்கும் மின்பகுளி என்னும் உப்புக் கரைசலின் அரிப்பிலிருந்து உலோகத்தைக் காத்தாலும், மின்சாரத்தை எளிதில் கடத்தாததால் உலோகத்துக்கும் வேதிப்பூச்சுக்கும் இடையே தடையாகவும் நிற்கிறது. போதாக்குறைக்கு, உலோகத்தை உருளைகளுக்கிடையே நசுக்கித் தகடாக்கும்போது ஒட்டிய எண்ணெயின் எச்சமும் அதில் தங்கியிருக்கும். வெள்ளையடிக்குமுன் சுவரைச் சுரண்டுவதைப் போல, பூச்சுக்கு முன் தகட்டையும் பண்படுத்த வேண்டியிருக்கிறது.

எளிய முறை கொரோனா மின்னிறக்கம். உயர் மின்னழுத்தத்தில் காற்றை மின்னூட்டம் பெறச் செய்து தகட்டின்மேல் பாய்ச்சினால் எண்ணெய் எச்சம் சிதைந்து நீங்கும். அதற்குமுன் முத்தாகத் திரண்டு நின்ற நீர்த்துளி அதன்பின் பரவிப் படிவதைக் கண்ணாலேயே காணலாம். அவ்வாறே வேதிப்பொருளின் கூழும் சீராகப் படிந்து ஒட்டிக்கொள்கிறது.

இன்னொரு முறை, ஏறக்குறைய ஒரு மைக்ரான் தடிமனுக்குக் கரித்துகளைப் பிசினோடு கலந்து தகட்டில் பூசுவது. நிக்கல் கலந்த நேர்முனைப் பொருளின் துகள்கள் பெரியவை, கடினமானவை. பூசியபின் உருளையில் அழுத்தும்போது அவை அலுமினியத்தில் பதிந்து ஆக்சைடு படலத்தைத் தாமே உடைத்துக்கொள்கின்றன. மற்றொரு நேர்முனைப் பொருளான லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் துகள்களோ மிக நுண்ணியவை என்பதால் அவ்வாறு பதிவதில்லை. அப்பொருளின் மின்கடத்தலும் குறைவு என்பதால், கரிப்பூச்சின் பயன் அதற்கே மிகுதியாகக் கிடைக்கிறது. தொடும் பரப்பு பெருக, மின்தடை குறைந்து, விரைந்து மின்னேற்றும்போது எழும் வெப்பமும் தணிகிறது.

செம்பின் சிக்கல் வேறு. எதிர்முனையில் சிலிக்கான் சேர்க்கப்பட்டால், அது லித்தியத்தை ஏற்கும்போது மும்மடங்குக்கு மேலும் உப்பிப் பூச்சைத் தகட்டிலிருந்து பெயர்த்துவிடக்கூடும் என்பதால், செம்பின் மேற்பரப்பில் நுண்ணிய முண்டுகளை வளர்த்துப் பிடிப்பை உண்டாக்குகிறார்கள்.

இவை அனைத்துக்கும் விலை உண்டு. கரிப்பூச்சு ஆற்றலைச் சேமிக்காத எடையைக் கூட்டுகிறது. மெதுவாக மின்னேற்றி மெதுவாகச் செலவிடும் கலத்தில் அதன் ஆதாயம் சொற்பமே. ஆகவே பூச்சிட்ட தகட்டால் மின்கலம் மேம்பட்டது என்று விளம்பரம் சொன்னால், எவ்வளவு மின்னோட்டத்தில் அளந்தார்கள் என்று வாசகர் கேட்டறிவது நல்லது.