சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு மின்சார ரெயில் பிடிக்கிறவர்களே, உஷார்!
பூட்டு முதல் வால்வு டியூப் வரை கவனிக்க வேண்டியது என்ன?

சென்னை,

மின்சார ரெயிலில் வேலைக்குப் போய் வருகிற பலருக்கு ரெயில் மட்டும் போதாது. வீட்டில் இருந்து ஸ்டேஷன் வரை ஒரு சைக்கிளும் வேண்டும். பஸ் நுழையாத தெரு, தினமும் ஷேர் ஆட்டோ ஏறினால் கட்டுப்படியாகாத சம்பளம் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. காலையில் மிதித்து வந்து ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரெயில் ஏறுகிறார்கள். இரவு இறங்கி அதே சைக்கிளில் வீடு திரும்புகிறார்கள்.

ரெயிலுக்குள் பிக்பாக்கெட் பயம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சைக்கிளில் வருகிறவருக்குத் தொல்லை ரெயில் ஏறும் முன்பே ஆரம்பித்து விடுகிறது.

சென்னை கடற்கரை-தாம்பரம் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்று மீட்டர்கேஜ். 2004-ல் மீட்டர்கேஜ் வண்டிக்கு விடை கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் ஏ.சி. மின்சார ரெயிலும் வந்துவிட்டது. ரெயில் இத்தனை மாறியும் ஸ்டேஷனுக்கு வெளியே சைக்கிள் நிற்கிற லட்சணம் மட்டும் பெரிதாக மாறவில்லை. ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து, ஹேண்டில்பாரும் பிரேக் ஒயரும் சிக்கி, ஒன்றை இழுத்தால் நான்கு விழும்!

திருடனுக்கு 11 மணி நேரம்

காலை 8 மணிக்கு விட்ட சைக்கிளை இரவு 7 மணிக்குத்தான் சொந்தக்காரர் மறுபடி பார்க்கிறார். நடுவில் 11 மணி நேரம். திருட வருகிறவனுக்கு இவ்வளவு அவகாசம் வேறு எங்கே கிடைக்கும்?

பின்சக்கரத்தோடு பொருத்திய பூட்டு ஒன்றையே நம்பி போகிறவர்கள் அதிகம். அந்தப் பூட்டு சக்கரத்தைச் சுற்ற விடாது, அவ்வளவுதான். சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனாலோ, மினி வேனில் ஏற்றினாலோ அது என்ன செய்யும்? கூடவே ஒரு செயின் பூட்டு வேண்டும். செயினை பின்சக்கரத்துக்குள்ளும் பிரேமுக்குள்ளும் விட்டு, அசையாத இரும்புக் கம்பியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும்.

முன்சக்கரத்தை மட்டும் கம்பியோடு பூட்டுகிறவர்கள் உண்டு. இப்போது வருகிற கியர் சைக்கிள் சிலவற்றில் ஸ்பேனரே வேண்டாம், கையால் திருகினால் சக்கரம் கழன்று வந்துவிடும். இரவு திரும்பி வந்து பார்த்தால் பூட்டு பத்திரமாக இருக்கும். பூட்டில் சக்கரம் பத்திரமாக இருக்கும். சைக்கிள்தான் இருக்காது!

கழற்றக்கூடியது எதையும் விட்டுப் போகக் கூடாது. கிளிப் மாட்டிய லைட், காற்றடிக்கும் பம்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் பைக்குள் போக வேண்டியவை. சாவி இரண்டு உண்டு என்றால் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வளையத்தில் கோர்த்துக்கொண்டு அலைகிறவர்களை என்ன சொல்வது?

"பச்சை கலர் சைக்கிள், சார்!"

சைக்கிள் போய்விட்டது. போலீஸ் நிலையத்துக்கு ஓடுகிறார். அடையாளம் என்ன என்று கேட்கிறார்கள். பச்சை கலர், பின்னால் கேரியர், பெல் உண்டு என்கிறார். சென்னையில் அப்படி எத்தனை ஆயிரம் சைக்கிள்!

தமிழக அரசு பிளஸ்-1 மாணவ-மாணவிகளுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிள், படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ "ஸ்டேஷன் சைக்கிள்" ஆகிவிடுகிறது. ஒரே சமயத்தில் கொடுத்தவை ஒரே கலர், ஒரே மாடல். திருட்டு இல்லாமலே ஆள்மாறி எடுத்துப் போகிற கூத்தும் நடக்கும்.

இதற்கு வழி ஒன்றுதான். பிரேம் நம்பர். பெடல் அச்சுக்கு அடியிலோ, சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ அச்சடித்திருக்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, துடைத்துப் பார்த்தால் தெரியும். அதைக் குறித்து வைத்து, செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. வாங்கிய பில்லையும் படம் எடுத்து வைக்க வேண்டும். நம்பர் இல்லாமல் புகார் கொடுத்தால், பிடிபட்ட சைக்கிள் போலீஸ் நிலைய வாசலிலேயே துருப்பிடித்துக் கிடந்தாலும் "இது என்னுடையது" என்று நிரூபிக்க முடியாது. கேட்க ஆள் இல்லாத பொருள் கடைசியில் ஏலத்துக்குத்தான் போகும்.

பில் ஏன் முக்கியம் என்பதற்கு இப்போது புதிய காரணமும் உண்டு. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303-வது பிரிவு. பொருளின் மதிப்பு 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைவு, திருடியவர் முதல்முறை தண்டிக்கப்படுகிறார், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவைதான் தண்டனை. அதோடு வந்த நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில், இந்த வகைத் திருட்டு போலீசார் வாரண்டு இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது.

பழைய சைக்கிள் எத்தனை 5 ஆயிரம் பெறும்? சட்டத்துக்கு அது சின்னத் தொகையாக இருக்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு அது சின்னது அல்ல. மறுநாள் காலை 5 மணி ஷிப்டுக்கு ஸ்டேஷன் வரை நடந்து போகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஸ்டேஷன் எல்லைக்குள் காணாமல் போனால் ரெயில்வே போலீசாரிடமும், வெளியே ரோட்டோரம் காணாமல் போனால் அந்தப் பகுதி போலீஸ் நிலையத்திலும் புகார் செய்ய வேண்டும். எல்லைத் தகராறில் நேரத்தை விடாமல் இருக்க, எந்த இடத்தில் விட்டோம் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். ரெயில்வே உதவிக்கு 139, ரெயில்வே போலீசுக்கு 1512 என்ற எண்கள் உண்டு.

டோக்கனைத் தொலைக்காதீர்கள்

ஸ்டாண்டில் காசு வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு கிழித்துக் கொடுக்கிறார்கள். "வாகனம் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அதிலேயே அச்சடித்திருக்கும். அதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிறவர்களே அதிகம்.

2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு கூறியது. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நிறுத்தக் கொடுத்த கார் 1998-ல் திருடு போன வழக்கு அது. பார்க்கிங் சீட்டில் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்து விட்டதால் மட்டும் தன் அஜாக்கிரதைக்கான பொறுப்பில் இருந்து ஓட்டல் நழுவ முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது ஓட்டல் வழக்கு, ரெயில்வே ஸ்டாண்டு வழக்கு அல்ல. இருந்தாலும், கேட்டுப் பார்க்க ஒரு பிடி இருக்கிறது. அதற்கு டோக்கன் கையில் இருக்க வேண்டும். சட்டைப் பையில் வியர்வையில் ஊறி, துவைக்கும்போது கூழாகிப் போன டோக்கனைக் காட்டி யாரிடம் வழக்காடுவது? சீசன் டிக்கெட்டையும் டோக்கனையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

பை, டிபன் கேரியர், முந்தானை

சைக்கிளில் சரியாக இருக்கிற பை ரெயிலில் தொல்லை கொடுக்கும். ரெயிலில் சௌகரியமான பை சைக்கிளில் ஆளைக் கவிழ்க்கும். இதுதான் இரண்டு வாகனக்காரரின் தலைவலி.

தோளில் குறுக்காகப் போடும் ஜோல்னாப் பை மிதிக்க மிதிக்க முன்னால் சரிந்து முழங்காலில் இடிக்கும். அதன் வார் நீளமாகத் தொங்கினால் பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். முதுகில் மாட்டும் பை என்றால் சைக்கிளில் நிற்கும், ஆனால் சட்டை முதுகு முழுக்க நனைந்துவிடும். கேரியரில் கட்டி வந்து, ஸ்டேஷனில் அவிழ்த்து, ரெயிலுக்குள் முன்பக்கமாக மாட்டிக்கொள்வதே பலர் கண்டுபிடித்த வழி. கூட்டத்தில் பை முதுகில் இருந்தால் பிளேடு போடுகிறவனுக்கு வசதி.

கேரியரில் கட்ட பழைய டியூபைக் கிழித்த ரப்பருக்கு நிகர் வேறில்லை. கயிறு குலுங்கக் குலுங்கத் தளரும். ரப்பர் பிடித்த பிடியை விடாது. நுனி தொங்காமல் செருகிவிட வேண்டும்.

டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டி வருவது பழைய பழக்கம். பள்ளத்தில் இறங்கினால் அது ஆடி, முன்சக்கரக் கம்பிக்குள் போகும். சக்கரம் சட்டென்று நிற்கும். ஓட்டி வந்தவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். ஒயர் கூடையில் நிமிர்த்தி வைத்து, கூடையைக் கேரியரில் கட்டினால் ரசமும் சிந்தாது, பல்லும் போகாது.

பெண்கள் முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் வலை போட்ட சைக்கிள் நல்லது. பேண்ட் போடுகிறவர்களுக்கு வலது கால்தான் எதிரி. செயின் கிரீஸ் பட்டால் ஆபீசில் நாள் முழுக்க அதே பேச்சு. முழு செயின் கவர் இருந்தால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் ஒரு ரப்பர் பேண்டு போதும்.

ஆபீசுக்குப் போடும் சட்டையை மடிக்காமல் சுருட்டி வைத்தால் கசங்குவது குறையும். பனியனோடு மிதித்து வந்து, ஸ்டேஷன் பேனுக்கு அடியில் ஐந்து நிமிடம் நின்று, துண்டால் துடைத்துவிட்டு சட்டை போடுகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள். கடைசி நிமிடத்தில் மிதித்து வந்து ரெயில் ஏறினால், பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்!

மழை வந்தால்...

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. குடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையில் ஓட்டுகிற வீரர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். எதிர்க்காற்று ஒன்று அடித்தால் குடை ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். தொளதொள என்று பறக்கும் மழைக்கோட்டும் ஆபத்து. கோட்டும் பேண்ட்டுமாக இரண்டு துண்டாக வருவதே நல்லது. நனைந்த கோட்டைப் போட ஒரு தனி பிளாஸ்டிக் பை வேண்டும். இல்லை என்றால் பைக்குள் இருக்கிற பைலும் சோறும் நனையும்.

தேங்கிய தண்ணீரில் அச்சு முங்கினால் உள்ளே இருக்கிற கிரீஸ் போய்விடும். பள்ளமும் திறந்த சாக்கடையும் தெரியாது. சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று சிலர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். உயிரைக் குடிப்பது இதுதான்.

15 கிலோவுக்கு மேல் கனம் தோளில், மழைச் சத்தம் காதில். மின்சார ரெயில் வருகிற சத்தம் அவ்வளவாகக் கேட்காது. ஒரு ரெயில் போனதைப் பார்த்துவிட்டு அடியெடுத்து வைத்தால், பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொன்று வந்துகொண்டிருக்கும். உயிர் தப்பினாலும் ரெயில்வே சட்டம் 147-வது பிரிவு இருக்கிறது. அத்துமீறித் தண்டவாளத்தில் நுழைந்தால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சைக்கிளை அந்தப் பக்கமே பூட்டி வைத்துவிட்டு, நடை மேம்பாலத்தில் ஏறி இறங்குவதுதான் ஒரே வழி. தண்ணீரை வடியவிடாத குற்றம் யாருடையது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை ஒவ்வொரு மழைக்கும் கேட்க வேண்டியிருக்கிறது.

மடக்கு சைக்கிள் எடுத்துப் போகலாமா?

ஸ்டாண்டே வேண்டாம் என்று சைக்கிளையே மடக்கிக் கையில் கொண்டு போகலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். மடக்கு சைக்கிளின் எடை சாதாரணமாக 11 முதல் 14 கிலோ. ரெயில்வேயின் விதிப்படி பிரயாணி கூட வைத்துக்கொள்ளும் பெட்டி 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். நன்றாகச் சுருங்குகிற 16 அங்குலச் சக்கர சைக்கிளே மடக்கினால் ஏறக்குறைய 27 செ.மீ. கனம் வரும். அது போக, சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு இலவச லக்கேஜ் சலுகை கிடையாது என்றும் விதி இருக்கிறது. மடக்கி உறைக்குள் போட்டால் அது சைக்கிளா, பையா? டிக்கெட் பரிசோதகரின் மனசைப் பொறுத்த விஷயம்.

கேரளத்தில் கொச்சி மெட்ரோ 2020-லேயே ரெயிலுக்குள் சைக்கிளை அனுமதித்தது. முதலில் சில ஸ்டேஷன்களில் மட்டும் தொடங்கினார்கள். காலை 8 மணிக்குத் தாம்பரத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், மின்சார ரெயிலில் மடக்கு சைக்கிளுக்குக்கூட இடம் இராது என்பது தெரியும். பெரிய உருப்படியோடு வாசலில் நிற்கிறவர் தனக்கும் ஆபத்து, மற்றவர்களுக்கும் ஆபத்து.

மறுமுனையிலும் ஒரு பழைய சைக்கிளை வைத்திருக்கிறவர்கள் உண்டு. பட்டரவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட் போகிறவருக்கு அது வசதி. அந்த சைக்கிள் ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் ஸ்டாண்டிலேயே கிடக்கும். அதற்குப் புது பெயிண்ட் அடிக்காமல் பார்க்க அசிங்கமாக வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்பது அனுபவசாலிகளின் முடிவு.

ரெயிலுக்குள் பையை மேலே வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. ரெயில்வே சட்டம் 100-வது பிரிவின்படி, புக் செய்து ரசீது வாங்காமல் கூடவே கொண்டு போகிற சாமானுக்கு, ஊழியரின் அஜாக்கிரதை நிரூபணமானால் தவிர, ரெயில்வே பொறுப்பல்ல. பூட்டுச் சாவியும் பம்பும் லைட்டும் உள்ள பை போனால், இரவு ஸ்டாண்டில் சைக்கிள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இரவு 10 மணிக்குக் காற்று இல்லை

கடைசியாக, வால்வு டியூப். சாதாரண சைக்கிள் டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது விரல் நீளம்கூட இல்லாத அந்த ரப்பர் துண்டுதான். வெயிலில் நாள் முழுக்க நின்றால் பழைய ரப்பர் வெடித்துவிடும். விளையாட்டுக்குப் பிடுங்கிப் போடுகிற பையன்களும் உண்டு. டயர் தரையோடு தரையாக இருப்பதைப் பார்த்து பஞ்சர் என்று நினைத்து, நாலு கிலோ மீட்டர் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பர்சில் இரண்டு துண்டு வால்வு டியூப் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

முன்பெல்லாம் ஸ்டேஷன் வாசலுக்கு வாசல் வாடகை சைக்கிள் கடை இருந்தது. ராத்திரி கதவைத் தட்டினாலும் காற்றடித்துக் கொடுப்பார்கள். இன்று அந்தக் கடைகள் குறைந்துவிட்டன. மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடைக்காரர் சைக்கிள் டியூபைத் தொட மாட்டேன் என்கிறார். ஆகவே கைப்பம்பு ஒன்று கட்டாயம் கூட இருக்க வேண்டும். அதை சைக்கிளிலேயே மாட்டிவிட்டுப் போனால், இரவு காற்றும் இருக்காது, பம்பும் இருக்காது!