வாய் பேசவில்லை, மூளை பேசியது!

கண் திறந்திருக்கிறது. மூச்சு வருகிறது. ஆனால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை. கை கால் அசையவில்லை.

பெரம்பலூர் வழியாகச் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை போகிறது. அரியலூர்ப் பக்கம் சிமெண்டு லாரிகள் ஓடுகின்றன. இந்தச் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குத் தலையில் பலத்த அடிபட்டால், சில சமயம் இந்த நிலை வருவது உண்டு.

"இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று நினைத்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே செலவையும் சொத்தையும் பற்றிப் பேசுகிறார்கள் உறவினர்கள். அவர் கேட்டுக்கொண்டு இருந்தால்?

டென்னிஸ் ஆடிய பெண்

இங்கிலாந்தில் 2005-ம் ஆண்டு 23 வயதுப் பெண் ஒருத்தி சாலை விபத்தில் சிக்கினாள். மாதங்கள் ஓடின. அசைவே இல்லை.

ஏட்ரியன் ஓவன் என்ற மூளை ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் அவளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தார்கள். மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ, அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். கருவி அதைக் காட்டிவிடும்.

"டென்னிஸ் ஆடுவதுபோல் நினைத்துக்கொள்" என்றார்கள். (நம் ஊராக இருந்தால் சடுகுடு என்று சொல்லியிருக்கலாம்!) உடனே, உடல் அசைவைக் கவனிக்கும் பகுதி வேலை செய்தது. "உன் வீட்டில் அறை அறையாக நடப்பதுபோல் நினை" என்றதும் வேறு பகுதிகள் வேலை செய்தன. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களின் மூளையும் இப்படித்தான் செய்கிறது.

அவள் கேட்டாள், புரிந்துகொண்டாள், சொன்னதைச் செய்தாள். 2006-ல் இந்தச் செய்தி வெளியானபோது டாக்டர்கள் திகைத்தார்கள்.

"அப்பா பெயர் அலெக்சாண்டரா?"

அடுத்து, பெல்ஜியத்தில் இன்னொரு நோயாளி. "ஆமாம் என்றால் டென்னிசை நினை. இல்லை என்றால் வீட்டை நினை" என்று அவரிடம் சொன்னார்கள். பிறகு, "உன் அப்பா பெயர் அலெக்சாண்டரா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றது மூளை. அது உண்மைதான்! ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சரியான பதில். ஆறாவதற்குப் பதில் வரவில்லை. 2010-ல் வெளியான செய்தி இது.

நாலில் ஒருவர்

ஸ்கேன் கருவிக்குச் செலவு அதிகம். அதனால், தலையில் கம்பிகளைப் பொருத்தி மூளையின் மின்சாரத்தை அளக்கும் இ.இ.ஜி. கருவியையும் பயன்படுத்துகிறார்கள். வலிப்பு நோய்க்கு எடுப்பார்களே, அதுதான். ஆனால், நோயாளியின் எண்ணத்தை அதிலிருந்து கண்டுபிடிக்கத் தனிக் கம்ப்யூட்டர் கணக்கு வேண்டும். அது இன்னும் சாதாரண வைத்தியமாக ஆகவில்லை.

2024-ல் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வந்தது. பதிலே சொல்லாத 241 பேரை இந்தக் கருவிகளால் சோதித்தார்கள். 60 பேரின் மூளை, சொன்னதைச் செய்தது.

அப்படியானால், மற்றவர்களுக்கு நினைவே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. சொன்னால் புரிந்துகொண்டு செய்யக்கூடிய 112 பேரையும் அதே ஆராய்ச்சியில் சோதித்தார்கள். அவர்களிலும் 43 பேரிடம்தான் கருவிக்குப் பதில் கிடைத்தது!